பாலக்கா மாலையும் முப்பத்தெட்டு வருஷப் பப்படமும்

ஓணத்துக்கு முந்தின மாதம், ஒரு குறடு வாங்கப் போன இடத்தில் எனக்கு ஒரு சித்தப்பா கிடைத்தார்.

சிரிக்காதீர்கள். திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் இதெல்லாம் நடக்கும். தேடிப்போவது ஒன்று, கையில் சிக்குவது இன்னொன்று. குடை வாங்கப் போய்க் கருப்பட்டியோடு திரும்பியவள் நான். ஆனால் ஒரு முழு மனிதர், அதுவும் அறுபத்தைந்து வயதில், மூக்குக் கண்ணாடியோடு... இதுதான் முதல் தடவை.

குறடு எதற்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் கிறுக்குகள் தெரியும். ஒரு வருஷம் மாடித்தோட்டம். இன்னொரு வருஷம் யோகா. இப்போது மூன்று வருஷமாக நகை. தங்கம் இல்லை, பயப்படாதீர்கள். கண்ணாடிக் கல், பாசிமணி, முலாம் பூசிய கம்பி, பசை — அவ்வளவுதான். சாப்பாட்டு மேஜையின் ஒரு பாதி என் பட்டறை. மறு பாதியில் வீட்டுக்காரர் சாப்பிடுகிறார். ஒருநாள் சாம்பார் சாதத்தில் ஒரு கம்மல் கொக்கி வந்தது. மனிதர் ஒன்றுமே சொல்லாமல் அதைத் தட்டின் ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, அப்பளத்தைக் கேட்டார். இருபத்தெட்டு வருஷத் தாம்பத்தியம் ஒரு மனிதனை எப்படிப் பக்குவப்படுத்தியிருக்கிறது பாருங்கள்!

ஆரம்பத்தில் கருவி என்று தனியாக எதுவும் வாங்கவில்லை. புருவம் திருத்துகிற பிளக்கர், நகவெட்டி, வீட்டுக்காரரின் கரண்ட் வேலைக்கான கட்டிங் பிளேயர் — இவ்வளவுதான் என் ஆயுதங்கள். பிளேயரின் வாய்க்குள் பல் இருக்கும். முலாம் பூசிய வளையத்தைப் பிடித்தால் கடித்த தழும்பு விழும். அதனால் அதன் வாயில் பிளாஸ்திரி ஒட்டினேன். கல்லை எடுத்துச் சின்னக் கிண்ணத்தில் பதிக்கத் தீக்குச்சி, அதன் நுனியில் கொஞ்சம் மெழுகு. இப்படியே ஓட்டினேன்.

சரி, முறையாக வாங்கலாமே என்று ஒருநாள் மாலில் இருக்கிற கிராஃப்ட் கடைக்குப் போனேன். பத்தே பத்து வளையம் ஒரு பாக்கெட். அதற்கு அட்டை, அட்டைக்கு மேல் பிளாஸ்டிக், பிளாஸ்டிக்குக்கு மேல் விலை. விலையைப் பார்த்து, வளையம் தங்கமோ என்று ஒரு நிமிஷம் நம்பிவிட்டேன். ‘கிராஃப்ட்’ என்று எழுதி ஒட்டினால் போதும் — சாதாரணக் கம்பிக்கும் கிரீடம் முளைத்துவிடுகிறது. அங்கே சாமான் வாங்கி ஒரு மாலை செய்கிற செலவில், கடையில் ரெண்டு மாலை ரெடிமேடாக வாங்கலாம். அப்புறம் எதற்குச் செய்கிறாய் என்கிறீர்களா? வீட்டுக்காரரும் அதையேதான் கேட்டார்.

இந்த நிலையில்தான் லதா சேச்சி என் வீட்டு மணியை அடித்தார்.

லதா சேச்சி எங்கள் ஃபிளாட் அசோசியேஷனின் பொருளாளர். அதைவிட முக்கியம், ஓணத்துக்குத் திருவாதிரை ஆட்டக் குழுவின் தலைவி. குத்துவிளக்கைச் சுற்றிப் பெண்கள் வட்டமாகக் கைகொட்டி ஆடுவார்களே, அதுதான். அவர் என்னைச் சேச்சி என்பார், நான் அவரைச் சேச்சி என்பேன். யார் மூத்தவர் என்பதை இரண்டு பேருமே விசாரித்ததில்லை. அது வரைக்கும் நல்லது.

அந்த ஃபிளாட்டில் நாங்கள் குடியேறிப் பதினோரு வருஷம். ஓணம் வந்தால் எனக்கு ஒரே ஒரு வேலைதான் — பூக்களத்துக்குப் பூ உதிர்ப்பது. தோவாளையிலிருந்து மூட்டை மூட்டையாகச் செண்டுமல்லி வரும். ‘தமிழ் ஆன்ட்டி’க்கும் அந்தப் பக்கம்தானே ஊர் என்று, பூவையும் என்னையும் சேர்த்து ஒரு மூலையில் உட்கார்த்திவிடுவார்கள். நான் உதிர்த்துக்கொண்டே, நடுவில் ஆடுகிற எட்டுப் பேரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ரிகர்சலைப் பால்கனியிலிருந்து பார்ப்பேன். பதினோரு வருஷம்! எந்தக் கால் முதலில், எங்கே குனிவது, எங்கே திரும்பிக் கைதட்டுவது எல்லாம் எனக்கு மனப்பாடம். துணி காயப்போடும்போது தனியாக ஆடிப் பார்த்ததும் உண்டு.

அவ்வளவு ஆசை எனக்கு. ஆனால் யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடாமல் நானாகப் போய்க் கேட்க மாட்டேன். அந்த வீம்பு எங்கள் குடும்பத்து நோய். பின்னால் அதைப் பற்றி நிறைய வருகிறது.

லதா சேச்சிக்கு என்னிடம் தமிழில் பேச ஆசை. சீரியல் பார்த்துக் கற்றது.

“சேச்சி, பர்த்டேக்குப் போட்டு வந்தீங்கல்லே, பச்சைக் கல்லு வெச்ச பாலக்கா மாலை... அது போல எட்டெண்ணம் வேணும். வாடகைக் கடையில எல்லாம் புக் ஆயிப் போச்சு.”

“எட்டா?”

“எட்டும் ஒண்ணு போல இருக்கணும், கேட்டோ. செலவு அதிகம் வேண்டா. அசோசியேஷன்ல பைசா இல்ல. பின்னே, உங்களுக்கு என்ன கஷ்டம்? சாலை முழுக்க உங்க ஆளுகளல்லே!”

இது இந்த ஊர்க்காரர்களின் அசைக்க முடியாத நம்பிக்கை. சாலையில் கடை வைத்திருக்கும் தமிழர்கள் எல்லோரும், இந்த ஊரில் குடியிருக்கும் தமிழர்கள் எல்லோருக்கும் மாமன், மச்சான். நாங்கள் போய் நின்றால் அரிசி மூட்டையை ஆட்டோவில் ஏற்றிக் கண்ணைத் துடைத்து அனுப்பி வைப்பார்கள் என்று நினைப்பு. உண்மையில் சாலையில் எனக்கு ஒரு ஈ காக்கையைத் தெரியாது. அதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் சேச்சி அடுத்து ஒன்று சொன்னார்.

“எங்க கூட்டத்துல ஒரு ஆளு மகளோட பிரசவத்துக்குத் துபாய் போயி. மாலை சரியா வந்தா... எட்டாமத்த ஆளு நீங்க தன்னே.”

“சாலையா? சித்தப்பா, பெரியப்பா எல்லாம் அங்கேதான்” என்றேன். என் வாயாலேயே சொன்னேன். வேறு என்ன சொல்வேன்?

மறுநாளே கிளம்பினேன். பாலக்கா மாலை என்பது, மாவடு நீளத்தில் பச்சைக் கல் பதித்த இலைகளை வரிசையாகக் கோர்ப்பது. ஒரு மாலைக்கு இருபத்தொரு கல். எட்டு மாலைக்கு நூற்று அறுபத்தெட்டு. எல்லாம் ஒரே பச்சை, ஒரே அளவு. அது தவிர கிண்ணம், வளையம், கம்பி, பின்னால் கட்டுகிற கயிறு, அப்புறம் அந்தக் குறடு. கம்பியை வட்டமாக வளைக்கிற உருண்டை மூக்குக் குறடு இல்லாமல் எட்டு மாலை ஆகாது. பிளாஸ்திரி ஒட்டிய பிளேயரை வைத்து எட்டு மாலை செய்தால், ஓணம் முடிந்து விஷு வந்துவிடும்.

சாலையில் ஒரு வேடிக்கை உண்டு. விற்பவர் தமிழர். வாங்குபவள் தமிழச்சி. பேரம் நடப்பது மலையாளத்தில்! நான் ‘எத்ரயா?’ என்று கேட்கும்போதே நாகர்கோவில் வாடை அடிக்கும். அவர் சொல்கிற ‘எண்பது’வில் திருநெல்வேலி மணக்கும். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் முதலில் தமிழுக்கு இறங்க ரெண்டு பேருக்கும் பயம். இறங்கினால் உறவு வந்துவிடும். உறவு வந்தால் பேரம் கெட்டுவிடும்.

முதல் கடையில் ஒரே பாக்கெட்டுக்குள் மூன்று பச்சை இருந்தது. ரெண்டாவது கடையில் பச்சை ஒன்றுதான், அளவு ஏழெட்டு. மூன்றாவதாக ஒரு சந்துக்குள் நுழைந்தேன். இரண்டு கையையும் விரித்தால் ரெண்டு சுவரும் தட்டுகிற அகலத்தில் ஒரு கடை. மேலிருந்து பாசிமணிச் சரங்கள் தொங்குகின்றன. ஆணியில் அளவு வாரியாகக் குறடுகள். கண்ணாடி டப்பாவில்... அடடா! இலை வடிவக் கல். ஒரே பச்சை. ஒரே அளவு. நானூறு, ஐநூறு இருக்கும். கல்லாவில் ஒரு பெரியவர் வளையங்களை வெறுங்கையால் பிரித்துக்கொண்டிருந்தார்.

மலையாளத்தில் விலை கேட்டேன். மலையாளத்தில் சொன்னார். மாலுக்குப் பாதிதான், ஆனாலும் சேச்சி கொடுத்த தொகைக்கு மேலே நின்றது. குறைக்கச் சொன்னேன். முடியாது என்றார். எட்டாமத்த ஆள் கண் முன்னால் வந்து நின்று கைதட்டினாள். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

“அண்ணாச்சி, கொஞ்சம் பாத்துப் போடுங்க. நம்ம ஊர்க்காரிதான்” என்று தமிழுக்கு இறங்கிவிட்டேன்.

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“எந்த ஊரு?”

முடிந்தது. எங்கள் பக்கத்து ஆட்கள் வெளியூரில் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டால், ஆணிவேர் வரை தோண்டாமல் விடமாட்டார்கள். வாங்க வந்ததை மறந்துவிடலாம்.

“நாரோயில்.”

“நாரோயில்ல எங்கின?”

“வடசேரி.”

“வடசேரில நமக்கு ஆளு இல்லியே... சொந்த ஊரே அதானா?”

“அப்பாவுக்குத் தாழக்குடி.”

கையில் இருந்த வளையத்தைக் கீழே வைத்துவிட்டார். “தாழக்குடியா! எந்தத் தெரு?”

“மேலத்தெரு.”

“நான் மேலத்தெருல்லா! ஆருக்க மகளு நீ?”

பாருங்கள், ‘நீங்கள்’ போய்விட்டது. நானும் உற்சாகத்தில் சொல்லிவிட்டேன்.

“ஹெட்மாஸ்டர் பூதலிங்கத்துக்க மகள்.”

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு, ஷட்டர் போல இறங்கியது. போனை எடுத்தார். பூதப்பாண்டியில் இருக்கும் தன் அக்காளைக் கூப்பிட்டார். கடைக்கு யார் வந்திருக்கிறாள் என்று சொல்லிவிட்டு ஸ்பீக்கரில் போட்டார். அந்த அம்மாள் குரலுக்கு ஸ்பீக்கர் தேவையே இல்லை.

“லேய் சிவதாணு, அந்த மனுசனுக்க மகளா? உனக்க கல்யாணப் பந்தியில எழும்பிப் போனாரே, அவருக்க மகளா? ஒரு பாசிமணி குடுக்காதே, சொல்லிட்டேன்!”

சிவதாணு... தாழக்குடிக் கல்யாணம்... எங்கள் வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. ‘பப்படக்காரன்’ என்றுதான் சொல்வார்கள். அப்பாவின் சித்தப்பா மகன். எனக்கு முறைக்குச் சித்தப்பா.

கதை இதுதான். முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன் சிவதாணுவின் கல்யாணப் பந்தி. பருப்புப் பாயசம் வந்தது. எங்கள் பக்கத்தில் பாயசத்தோடு பப்படத்தையும் பழத்தையும் சேர்த்துப் பிசைந்து சாப்பிடுவார்கள். அப்பா இலையைப் பார்த்தார். பப்படம் இல்லை. எழுந்துவிட்டார். பந்தியில் பாதியில் எழுந்தால் அது சாதாரண விஷயமா? பப்படம் வைத்தேன் என்று பரிமாறினவர் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தார். மாப்பிள்ளைக் கோலத்தில் வந்த சிவதாணு, ‘ஒரு பப்படத்துக்கா அண்ணன் எழும்புகாரு?’ என்று எல்லோர் முன்னிலும் கேட்டுவிட்டார். அவ்வளவுதான். ரெண்டு வீடும் பிரிந்தன. அன்று அப்பாவுக்குப் பக்கத்து இலை எனக்கு. பதினாலு வயது, நல்ல பசி. அப்பா எழுந்ததும் நானும் பாயசத்தைப் பாதியில் விட்டு எழுந்தேன்.

இப்போது அந்தப் பப்படக்காரன் என் எதிரில். நடுவில் நூற்று அறுபத்தெட்டுப் பச்சைக் கல்.

“சித்தப்பா...” என்றேன்.

“சித்தப்பானெல்லாம் கூப்பிடாதே. உங்கப்பாகிட்ட கேளு மொதல்ல. வெச்ச பப்படத்தை வெக்கல்லன்னு சொன்ன மனுசன்!” டப்பாவைத் தூக்கி மேல் தட்டில் வைத்துவிட்டார்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. அப்பாவைக் கூப்பிட்டேன். அவருக்கு எண்பத்துநாலு வயது. காது நன்றாகக் கேட்கும். ஆனால் தனக்கு வேண்டியதை மட்டும்தான் கேட்பார்.

“அப்பா, சிவதாணு சித்தப்பா கடையில நிக்கேன்.”



“எந்தச் சிவதாணு? பப்படக்காரனா?”

“பாத்தியா, பாத்தியா!” என்று சித்தப்பா குதித்தார். “அண்ணன்னு கூடப் பாக்க மாட்டேன்! விளம்பினவன் சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணினாம்லா!”

“பின்ன வெச்ச பப்படம் எங்கடே போச்சி? எழும்பி நடந்து போச்சா?” என்றார் அப்பா.

பக்கத்தில் கொலுசு மணி வாங்க வந்து நின்ற ஒரு அம்மாள், நிலைமையை உணர்ந்து, “காக்க கொத்திக்கொண்டு போயிக்காணும்” என்று மலையாளத்தில் சமாதானம் சொன்னார். ரெண்டு பேரும் ஒரே குரலில், “காக்கா இல்ல!” என்றார்கள். முப்பத்தெட்டு வருஷத்தில் அவர்கள் ஒத்துக்கொண்ட முதல் விஷயம் அதுதான்.

அரை மணி நேரம் ஆனது. நாலு வாடிக்கையாளர் வந்து, கேட்டு, நின்று, ரசித்துவிட்டுப் போனார்கள். கடைசியில் அப்பா தன் நிபந்தனையைச் சொன்னார். சிவதாணுவும் அவரும் ஒரே பந்தியில் உட்கார வேண்டும். தன் இலையில் பப்படம் விழுவதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். அப்புறம் பேசலாம்.

“ஓணத்துக்கு எங்க ஃபிளாட்ல விருந்து இருக்கு. ரெண்டு பேரும் அங்க வாங்க!” என்றேன். ஐ.நா. சபையில் இருக்க வேண்டியவள் நான். விதி, பாசிமணி கோர்க்கிறேன்.

சித்தப்பா டப்பாவை இறக்கினார். “சாதனத்தைக் கொண்டு போ மக்ளே. அடக்க விலையைத் தந்தாப் போதும். ஆனா ஒண்ணு. அந்த மனுசன் மறுபடியும் இலையிலிருந்து எழும்பினாரு... எட்டு மாலையும் அந்த நிமிசமே எனக்க கைக்கு வரணும். பப்படம் வெக்காதவன் கடைக் கல்லு உங்களுக்கு எதுக்கு?”

சரி என்றேன். குறடும் வாங்கினேன். என்ன அருமையான குறடு! சொன்னால் சொன்ன இடத்தில் வளைகிறது.

மூன்று வாரம் மேஜையின் ரெண்டு பாதியும் என் பட்டறையானது. வீட்டுக்காரர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார். கல் பதித்து, பசை காய ஒரு நாள். வளையத்தை இழுத்துத் திறக்கக் கூடாது; பக்கவாட்டில் முறுக்கித் திறந்து அதே போல் மூட வேண்டும். இல்லாவிட்டால் ஆடும்போது மாலை அவிழும். எட்டும் ஒண்ணு போல வந்தது. லதா சேச்சி ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, “சேச்சி, நாளை ரிகர்சலுக்கு வரணும்” என்றார். பால்கனியிலிருந்து இறங்கி வர எனக்குப் பதினோரு வருஷம் ஆயிருந்தது.

ஆனால் மனதில் ஓடியதெல்லாம் பப்படம்தான்.

சமையல்காரரிடம் போனில் பப்படம் எத்தனை என்று கேட்டேன். ரெண்டு நாள் கழித்து மறுபடியும் கேட்டேன். மூன்றாம் தடவை அவர் போனை எடுக்கவில்லை. லதா சேச்சி, “உங்களுக்குப் பப்படம்னா இத்தர இஷ்டமா?” என்றார். உண்மையைச் சொல்ல முடியுமா? ‘இல்லை சேச்சி, பப்படம் குறைந்தால் உங்கள் கழுத்தில் இருக்கிறதைக் கழற்றி எங்கள் சித்தப்பாவிடம் கொடுப்பதாக ஒப்பந்தம்’ என்றா சொல்வது? எதற்கும் இருக்கட்டும் என்று விருந்தன்று காலை நானே பத்துப் பப்படம் பொரித்து, ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு, நாங்கள் உடை மாற்றுகிற அறையில் ஒளித்து வைத்தேன்.

ஓண விருந்து எங்கள் கார் பார்க்கிங்கில். கார்களை வெளியே தள்ளிவிட்டு நீள மேஜைகள் போட்டிருந்தார்கள். நடுவே குத்துவிளக்கு, அதன் முன்னால் பிள்ளையாருக்கு ஓர் இலை. எல்லாப் பதார்த்தமும் முதலில் அங்கே பரிமாறிவிட்டுத்தான் பந்தி தொடங்கும். பந்தி முடிந்ததும் அதே விளக்கைச் சுற்றி எங்கள் ஆட்டம். எட்டுப் பேரும் கசவுப் புடவையில், தலையில் பூவோடு, கழுத்தில் பச்சை மாலையோடு ஓரமாக நின்றோம்.

முதல் பந்தியில் அப்பாவும் சித்தப்பாவும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ரெண்டு பேரும் எதிரே நிறுத்தியிருந்த ஒரு ஸ்கூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார், எப்போது வேண்டுமானாலும் எழுந்திருக்க வசதியாக.

உப்பேரி வந்தது. ஊறுகாய் வந்தது. அவியல், தோரன், பருப்பு. பப்படம் வந்தது! வரிசையாக ஒவ்வொரு இலையிலும் விழுந்தது. சித்தப்பா இலையில் ஒன்று விழுந்தது. சித்தப்பா நாற்பது வருஷம் இந்த ஊரில் இருந்தவர். பப்படம் விழுந்ததும், இந்த ஊர் வழக்கப்படி, அதைப் பருப்பின் மேல் நொறுக்கிப் பிசைந்துவிட்டார். பரிமாறுகிறவர் அப்பா பக்கம் திரும்பினார். கூடைக்குள் கையை விட்டார். கூடையைக் கவிழ்த்துப் பார்த்தார்.

“பப்படம் தீர்ந்நு” என்றார், மிகச் சாதாரணமாக.

அசோசியேஷன் தலைவர் வீட்டு விருந்தாளிகள் இருபது பேர் கூடுதலாம். எனக்குத் தெரியுமா? நான் உடை மாற்றுகிற அறைக்கு ஓடினேன். டப்பாவைத் திறந்தேன். உள்ளே எண்ணெய்தான் இருந்தது. பின்னாலேயே வந்த லதா சேச்சி, “அதோ? பசிக்கு நாங்க ஏழு பேரும் எடுத்தோம் சேச்சி. நல்ல கறுமுறான்னு இருந்நு!” என்றார். அவர் கழுத்தில் என் மாலை பளபளத்தது. இருபத்தொரு கல்.

திரும்பி ஓடி வந்தால், பரிமாறுகிறவர் அப்பாவைச் சமாதானம் செய்துகொண்டிருந்தார். “அப்பூப்பா, பப்படம் போனா போட்டே. பாயசத்துக்குப் போளி உண்டு.” திருவனந்தபுரத்தில் பாயசத்தோடு போளியைப் பிசைந்து சாப்பிடுவார்கள். சொர்க்கம். ஆனால் அதை அப்பாவிடமா சொல்வது? போளியை அவர் பார்த்த பார்வையில் போளியே கூசியிருக்கும். இடது கையை மேஜை மேல் ஊன்றினார்.

எனக்குத் தெரியும். அந்தக் கை ஊன்றினால் அடுத்தது எழுந்திருப்பதுதான். அன்றைக்கும் அப்படித்தான் ஊன்றினார். நான் பக்கத்தில் இருந்தேன்.

சித்தப்பா தன் இலையைப் பார்த்தார், பப்படம் பருப்புக்குள் காணாமல் போயிருந்தது. என் கழுத்தைப் பார்த்தார். எட்டுக் கழுத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.  ஆட்டம் போச்சு, மானம் போச்சு, அடுத்த வருஷமும் செண்டுமல்லிதான். ஒரு விஷயத்தைச் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

அப்போதுதான் சித்தப்பா எழுந்தார்.

ஆமாம், இந்தத் தடவை எழுந்தது அவர். எச்சில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று குத்துவிளக்கை நோக்கி நடந்தார். இடது கையால் பிள்ளையாரின் இலையிலிருந்து பப்படத்தை எடுத்தார்.  “அய்யோ, கணபதிக்கு வெச்சதல்லே!” என்று லதா சேச்சி அலறினார்.

“பிள்ளையார் கோவிச்சா ஒரு தேங்காய ஒடச்சிச் சமாளிச்சிடலாம்” என்றார் சித்தப்பா, நடந்துகொண்டே. “எங்க அண்ணன் கோவிச்சா முப்பத்தெட்டு வருசம் ஆகும்.”

அப்பாவின் இலையில் பப்படத்தை வைத்தார். வைத்த பிறகும் விரலை எடுக்கவில்லை. “பாத்துக்கிடுங்கோ. வெச்சாச்சி. எல்லாரும் பாத்துக்கிடுங்கோ. வெச்சாச்சி!”

அப்பா அதை வெகுநேரம் பார்த்தார். விரலால் தொட்டார். காலையிலிருந்து விளக்கின் முன்னால் இருந்த பப்படம், என்ன நிலையில் இருக்கும்?

“நமுத்துப் போச்சிடே” என்றார்.

 அப்பா அந்த நமுத்த பப்படத்தைச் சிரமப்பட்டுக் கிழித்து ரெண்டாக்கினார். ஒரு பாதியைச் சித்தப்பாவின் இலையில் வைத்தார்.

“இரு. திண்ணு. பாயசம் வருகு” என்றார். ஊன்றிய கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அழுதேன். மை கரைந்து கன்னத்தில் வழிந்தது. அப்படியே ஆடினேன். மேலிருந்து பார்த்தால் அது ஒரு வட்டம். உள்ளே நின்று பார்த்தால் எதிரே ஆடுகிறவளின் முகம் மட்டும்தான் தெரிகிறது, அவளும் நம்மைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள். பதினோரு வருஷம் இது எனக்குத் தெரியாமல் போய்விட்டது. மூன்றாம் சுற்றில் ஒரு கால் தப்பியது. யாரும் கண்டுகொள்ளவில்லை. மாலை ஒன்றுகூட அவிழவில்லை. சித்தப்பா அப்பாவின் காதில், “அந்தக் கல்லு எனக்க கடைக் கல்லு” என்று சொன்னாராம். அப்பா, “கோத்தது எனக்க மகளுல்லா” என்றாராம்.

லதா சேச்சி அடுத்த வருஷத்துக்கு இப்போதே வேலை பிரித்துவிட்டார். பப்படம் வாங்குகிற பொறுப்பு எனக்கு. “சாலையில உங்க சித்தப்பா இருக்காரல்லே?”

இருக்கிறார். இந்த முறை பொய் இல்லை.

போன வாரம் கம்மலுக்குக் கொக்கி வாங்க அவர் கடைக்குப் போனேன். டீ வந்தது. ஊர்க் கதை வந்தது. அப்பாவின் முட்டு வலி விசாரிக்கப்பட்டது. கடைசியில் விலையைச் சொன்னார்... அடக்க விலை இல்லை, எனக்கு முன்னால் வாங்கிப் போன அம்மாளுக்குச் சொன்னதைவிட ரெண்டு ரூபாய் கூடுதல்! “என்ன சித்தப்பா இது?” என்றேன். “சித்தப்பன்கிட்ட பேரம் பேசுவாளா ஒருத்தி?” என்று அவருக்கு உண்மையிலேயே வருத்தம். சகாய விலைக்குச் சாமான் வேண்டும் என்பவர்களுக்கு என் அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். சொந்தக்காரர் கடைக்கு மட்டும் போகாதீர்கள்.

நான் போகிறேன். கேட்ட விலையைப் பேசாமல் எண்ணி வைத்துவிட்டு வருகிறேன். பேரத்துக்குப் பெயர்போன நான் ஏன் இப்படி ஆனேன் என்று வீட்டுக்காரருக்கு ஒரே ஆச்சரியம். அப்பா இந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை, சித்தப்பா மலையாளப் பேப்பர்தான் வாங்குகிறார் — அந்தத் தைரியத்தில் உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

தாழக்குடிக் கல்யாணத்தில் அப்பாவின் இலையில் பப்படம் வைத்தார்கள். தின்றது நான்.